வீணைக்குள் வந்த டாக்சிக்காரன்

கனடாவில், ஸ்காபரோவில் வயர் அண்ணை திறந்து பார்க்காத மின்சாரப் பொருள் ஒன்று இருந்தால், அது இன்னும் கடையில் விலைபோகாமல் கிடக்கிறது என்று அர்த்தம். தொண்ணூறுகளில் எங்கள் மல்வேர்ன் மாடிக்கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மப்ளர் சுற்ற வேண்டிய கழுத்தில் வயர்ச் சுருள் போட்டிருப்பார்.

என் மனைவி கமலாவின் வீணை பலாமரத்தில் கையால் குடைந்து செய்தது. கொழும்பில் விமானம் ஏறும்போது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தவள். இங்கே சரஸ்வதி பூசைக் கச்சேரியில் மைக்கைக் கிட்ட வைத்தால் ஊளையிட்டது; தள்ளி வைத்தால் மிருதங்கம் மட்டும் கேட்டது. “இனி மேடை ஏறமாட்டன்” என்று வீணையை உறைக்குள் கட்டிவிட்டாள். மரத்தின் அதிர்வை நேரே வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றைப் பொருத்த வயர் அண்ணையைக் கூட்டிவந்தேன்.

“அண்ணை, உதில ஒரு துளை விழுந்தாலும் இந்த மனிசனை வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவன்” என்று என்னைக் காட்டினாள் கமலா.

“துளை போட இதென்ன சுவரே, பிள்ளை? முதல்ல ஒரு அகப்பை தாங்கோ.”

அகப்பைக் காம்பைப் பல்லால் கடித்து, மறுமுனையை வீணையில் முட்டவைத்து, வாசிக்கச் சொன்னார். எந்த இடத்தில் நாதம் சுத்தம் என்று பல்லால் கேட்கிறாராம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. கறிக்கு வேறு அகப்பை வாங்கினோம். கடைசியில், தந்திகளைத் தாங்கும் குதிரையின் காலடியில் “இஞ்சதான்!” என்று கத்தினார்.

பழுதான புகை அலாரத்திலிருந்து, அதைக் கத்தவைக்கும் சில்லறைக் காசளவு தகடொன்றைக் கழற்றி, மெழுகால் அங்கே ஒட்டினார். அதுதான் பிக்கப்.

“கறி கருகினா வீணை கத்துமோ?” என்று கேட்டாள் கமலா.

“நீங்கள் சமைச்சாக் கத்தாது, பிள்ளை.”

ஒலிபெருக்கியைப் போட்டு முதல் தந்தியை மீட்டியதும், ஒஷாவாவுக்கு உடனே டாக்சி வேண்டும் என்று ஒருவன் அதற்குள்ளிருந்து ஆங்கிலத்தில் அதட்டினான். கமலா வீணையை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

“பயப்பிடாதேங்கோ. இந்த வயர் டாக்சிக்காரரின்ர ரேடியோவையும் சேர்த்துப் பிடிக்குது” என்றார் அண்ணை. குசினியில் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை வயரில் சுற்றினார். டாக்சிக்காரன் போய்விட்டான்.

அடுத்த கச்சேரியில் இரண்டாவது பாட்டுக்கே கரகரவென்று இரைந்தது. அண்ணை மேடைக்குக் கீழே புகுந்தார். இரைச்சல் நின்றது, அவர் வெளியே வரவில்லை. வீணை கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. மிருதங்கக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும் குனிந்து பார்த்தோம். மல்லாந்து கிடந்தபடி, கழன்ற பிளக்கை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடித்திருந்தார். ஒன்றரை மணித்தியாலம்.

“எப்பிடியண்ணை இருந்தது?” கமலா கேட்டாள்.

“பாட்டு ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளை. ஆனா இரைச்சல் இல்லை.”

விறைத்த விரல்கள் மடங்கவில்லை. கமலா தேத்தண்ணிக் கோப்பையை அவர் வாயருகே பிடித்தாள். நான் வடையைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேன்.