மொதல்லேர்ந்து அண்ணன்

ஒரு தெருவையே வாய்மூட வைக்கக்கூடிய மனிதர் திருவொற்றியூரில் ஒருவர்தான் இருக்கிறார். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'மொதல்லேர்ந்து அண்ணன்'.

கார் மெக்கானிக். எஞ்சினில் கேம்ஷாஃப்ட் போல்ட்டுகளை முடுக்கும்போது அவர் காதில் பேச்சு விழக் கூடாது. அந்த போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, அளவோடு முடுக்க வேண்டுமாம். அளவு வந்ததும் கையிலிருக்கும் டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் கோபப்படமாட்டார். "மொதல்லேர்ந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, முடுக்கியதையெல்லாம் தளர்த்துவார். கண்டெய்னர் லாரி ஹாரனால் அவருக்குத் தொந்தரவே கிடையாது.

எப்போதோ டீ வேண்டுமா என்று கேட்ட மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு போல்ட்டை அதிகம் முடுக்கி மரையைக் கெடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து இந்த விரதம். நோ பார்க்கிங்குக்காக வந்த போலீஸ்காரர்கூட ஒருமுறை சைகையிலேயே அபராதம் கேட்டார்.

என் நிச்சயதார்த்தத்தன்று என் கார் அவரிடம் மாட்டிக்கொண்டது. மீஞ்சூரில் பெண் வீடு. காதல் கல்யாணம். பெண்ணின் அப்பா அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வரவில்லையென்றால் பேச்சு முடிந்தது என்று சொல்லியிருந்தார். அம்மாவும் மற்றவர்களும் ரயிலில் போய்விட்டார்கள். சீர்த்தட்டுகளைக் காரில் கொண்டுவர நானும் என் தாய்மாமனும்தான் பாக்கி. மீஞ்சூர் என்றதும் கால் டாக்ஸிக்காரர்கள் வரிசையாக கேன்சல் செய்தார்கள்.

சனிக்கிழமையே கிடைக்கவேண்டிய வண்டி ஞாயிறு மதியமும் திறந்து கிடந்தது. மாமா காலடிப்பேட்டையிலேயே பெரிய வாயாடி. "இன்னா நைனா, ஆச்சா?" என்றார்.

"மொதல்லேர்ந்து."

மாமா மன்னிப்புக் கேட்டார். அதுவும் பேச்சுதானே, அண்ணன் மறுபடி தளர்த்தினார். ஏன் கழற்றுகிறார் என்று மாமா என்னிடம் கேட்டார். மறுபடியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஒருமுறை குத்துமதிப்பாக முடுக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"லூசா வுட்டா ஆயில் ஒழுகும், டைட்டா வுட்டா ஷாஃப்ட் மாட்டிக்கும். பாதி வழில நின்னுகினு பொண்ணு வூட்ல இன்னா சொல்லுவ?" என்றவர், டார்ச்சை எடுத்து மாமாவிடம் நீட்டினார். "மாமு, இங்க இருட்டா கீது. இத்த பல்லுல கவ்விக்கினு வெளிச்சம் காட்டு."

பட்டப்பகல். ஆனாலும் மாமா கவ்விக்கொண்டார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்றன.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்று அண்ணன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அவசரமாக நிச்சயப் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்தார்கள். பாதியில் பெண்ணின் அப்பாவுக்கு போன் வந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே சத்தமாகப் பேசி முடித்தார். வாசிப்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"மொதல்லேர்ந்து" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. மணி நாலரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தார். கிரீஸ் கையோடு அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"நடுவுல பேச்சு வந்துட்ச்சிபா. பொண்ணு, புள்ள வாழ்க்க. அப்டியே வுட்டுட்டு போவாத."

பெண்ணின் அப்பா போனை அணைத்து மாமாவிடம் கொடுத்தார். "அவரு சொல்றது கரீட்டு. மொதல்ல இருந்தே படிங்க" என்றார்.

படித்தார்கள். நாலரைக்குள் தட்டும் மாற்றினார்கள். மாமாகூட மூச்சுவிடவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். என் கல்யாணம் கெட்டியாக நிற்கவேண்டும் என்று அத்தனை கவலைப்பட்டவர் அந்தக் கூடத்தில் வேறு யாருமில்லை, என்னையும் சேர்த்து.