தெருக்கோடி வீட்டுக்கு வந்த படகுக்காரர்கள்

விருந்தாளியைக் கூப்பிடுவது சுலபம், பிள்ளைகளே. தெருமுனையிலிருந்து நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் கஷ்டம். இதைச் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வல்லம் வடகாலில் ஒரு சின்ன லேத் பட்டறையில் நான் ஆபரேட்டர். பாய்மரப் படகிலேயே ஊர் ஊராகப் போகும் ஒரு நார்வே தம்பதி, ஹான்ஸ், இங்கா என்று பெயர், எஞ்சின் ஷாஃப்ட் உடைந்துபோய்ச் சென்னைத் துறைமுகத்தில் நின்றுவிட்டார்கள். யார் யாரோ கைமாற்றி அந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. புது ஷாஃப்ட் கடைந்தது நான்தான். அதை வாங்க வந்தவர்களிடம், "சண்டே, மை ஹவுஸ், லஞ்ச், கம்பல்சரி" என்றேன். (சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும்போதுகூட எனக்கு இவ்வளவு இங்கிலீஷ் வந்ததில்லை.)

என் மனைவி ஸ்டெல்லா செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அந்த ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டாள். "கடல்லயே கெடக்கறவங்களுக்கு மீனா போடுவாங்க?" என்று நாட்டுக்கோழி வாங்கினாள். "அவ்ளோ தூரத்துலேர்ந்து நம்ம வூட்டுக்குன்னு வர்றாங்க. வயிறாற சாப்புடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

அவள் ஆசைக்காக நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முன்கூட்டியே போன் போட்டு அவர்களிடம் சொல்லிவைத்தேன்: எங்கள் பக்கம் யார் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, சொன்னால் மனசு நொந்துவிடும். ஸ்டெல்லாவின் கோழியை மனதில் வைத்துத்தான் சொன்னேன். மற்ற வீடுகளில் அடுப்பு இருப்பதை மறந்துவிட்டேன்.

கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டதில் கார் எங்கள் தெருவுக்குள் வராது. என் வீடு தெருக்கோடியில். நடந்தோம். முனையிலேயே டீக்கடைக் கன்னியப்பன் மறித்தார்.

"இன்னா அந்தோணி, என் கடையத் தாண்டி இட்டுக்கினு போற? நான் வேடிக்கை பாத்துக்கினு இருக்கணுமா?"

டீ, பட்டர் பிஸ்கட். ஹான்ஸ் ஒருமுறை என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை.

அடுத்து மேரி அக்கா. கோயிலுக்குப் போய் வந்த பட்டுப்புடவையோடு, இடியாப்பமும் பாயாவும் தட்டில் ஏந்தி வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, வூட்ல சோறு ரெடியா கீது."

"சோறு எங்கடா ஓடப் போவுது? ரெண்டே ரெண்டு இடியாப்பம்." (மேரி அக்காவின் கணக்கில் ரெண்டு என்றால் தட்டு கொள்ளுமட்டும்.)

இதையாவது மன்னிப்பேன். லோகுவை மன்னிக்க மாட்டேன். என் ஷிஃப்டில் பக்கத்து மிஷினில் நிற்பவன். எங்கள் வீட்டுக் கோழி விஷயம் முழுக்கத் தெரிந்தவன். அவன் வீட்டில் பிரியாணி அண்டாவே காத்திருந்தது.

"நீயாடா இப்படிப் பண்ற?"

"மச்சான், வாசல் வரைக்கும் வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புனா எனக்குத்தான அசிங்கம்? இந்தா, நீயும் துன்னு."

இங்காவுக்கோ கண் கலங்கிவிட்டது. சின்னச் சின்னத் துறைமுகங்களில் இப்படித்தானாம்; படகைக் கட்டி முடிப்பதற்குள் யாராவது ரொட்டியோ பழமோ கொண்டுவந்து நீட்டுவார்களாம். பெரிய துறைமுகத்தில் ரசீதுதான் நீட்டுவார்களாம். "உங்கள் தெரு சின்னத் துறைமுகம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது ஹான்ஸ் பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார். ஸ்டெல்லா இலை போட்டுக் கோழிக் குழம்பை ஊற்றினாள். அவர் நான் சொன்ன விதிப்படி ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், விழுங்கப் போராடினார். ஸ்டெல்லாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இலையை அவரிடமிருந்து மெதுவாக இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க சாப்புடுங்க."

இங்கேதான் என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் என் கையிலும் ஒரு தட்டைத் திணித்திருந்தார்கள்.

"எனக்கு வேணாம், ஸ்டெல்லா."

"குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு போன்ல ஊருக்கே கேக்கறாப்புல சொன்னது யாரு?"

இங்காதான் எங்கள் இருவரையும் காப்பாற்றினார். கோழியைக் கட்டித் தரச் சொன்னார். எங்கள் வீட்டு எவர்சில்வர் கேரியர் அப்படியே போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. அன்றிரவே எடுத்ததாம். படகின் மேல்தட்டில் கேரியர், கழுவித் துடைத்த மாதிரி காலி. பக்கத்தில் விரலைச் சூப்பியபடி ஹான்ஸ். ஸ்டெல்லா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். மேரி அக்கா வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "நம்ம கெஸ்ட்டுங்க" என்கிறார். 'நம்ம' கெஸ்ட்டாம்!

அந்தக் கேரியர் இப்போது எந்தக் கடலில் இருக்கிறதோ. நான் பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கொண்டுபோகிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, பசியில்லை என்று தட்டை நகர்த்தினால் போதும், சின்னவள் அடுக்களையிலிருந்தே கேட்கிறாள்:

"அப்பா, இன்னைக்கு யாரு வூட்டாண்ட நங்கூரம் போட்ட?"