தண்ணீரை டியர்லி நேசித்ததற்கான சான்று

எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவரே, நீர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டுச் சச்சரவுக்கு நீர்தான் காரணம்.

‘டியர்லி’ என்றொரு சொல்லாம். உயிராக நேசித்தாலும் அதுதானாம், பெரும் விலை கொடுத்து நொந்தாலும் அதுதானாம். ஒருநாள் பயிற்சியில் இதைச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, நீர் பாட்டுக்குப் போய்விட்டீர். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ‘குழாய் இணைப்பு கோருவோர், தண்ணீரைத் தாம் டியர்லி நேசிப்பதாக உறுதிமொழி அளிக்கவேண்டும். அந்நேசத்தின் பொருட்டு டியர்லி இழந்தது யாது என்பதற்கான சான்றையும் இணைக்கவேண்டும்.’

நான் பழைய இரும்பு வியாபாரி. ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது அடிபட்டுக் கற்ற பாடம்.

“தண்ணி எவ்வளவு வேணும் சார்?” என்றார் எழுத்தர்.

“கிடைச்சா பாக்கலாம்.”

“கிடைக்கலேன்னா?”

“ஒண்ணும் குடிமுழுகிடாது.”

‘நேசம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

தெருமுனையிலிருந்து மூன்று மாடி வாளி தூக்குகிறவள் என் மனைவி. “பொண்ணு பாக்க வந்தப்பவும் ‘பாக்கலாம்’னுதான் சொன்னீங்க. எங்கப்பா அன்னைக்கே சுதாரிச்சிருக்கணும்,” என்றாள்.

அடுத்த வாரம் வாளியோடு படியில் வழுக்கி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு அவளை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அருமையான இழப்பு. ஆனா இது அம்மாவோடது. விண்ணப்பதாரர் நீங்கதானே? உங்களுக்கு என்ன இழப்பு?”

யோசித்தேன். “இவ கை உடைஞ்சதுலேருந்து நான்தான் சார் தண்ணி தூக்கறேன்.”

“எத்தனை நாளா?”

“மூணு நாளா.”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஆண்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ‘இழப்பு மெய்ப்பிக்கப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது.

“அப்ப பதினோரு வருஷமா நான் தூக்கினது?” என்றாள், கட்டுக் கையோடு நின்றுகொண்டிருந்தவள்.

“அது வீட்டு வேலைம்மா. இழப்புல வராது.”

நான் தாளை ஊதிக்கொண்டிருந்தேன். முத்திரையின் மை இன்னும் காயவில்லையே.

குழாய் வந்துவிட்டது. அவள் அதைத் தொடுவதில்லை. “உங்க நேசத்துக்குக் கொடுத்தது, நீங்களே குடிங்க,” என்று சொல்லிவிட்டு ஒற்றைக் கையோடு தெருமுனைக்குப் போகிறாள். மாடி வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, பாவம் என்கிறார்கள்.

பயிற்சி கொடுத்தவரே, நேரில் வாரும். அந்தக் குழாய் உத்தரவில் என் பெயரை அடித்துவிட்டு, பதினோரு வருஷத்தையும் சேர்த்து அவள் பெயரை எழுதிக் கொடும். இதில் பேரம் கிடையாது.