சிட்லபாக்கத்தில் சாலிட் ஸ்டேட் யுகம்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்குப் பெருந்தடையாக இருந்தது, சிட்லபாக்கம் ஏரிக்கரைக் குடியிருப்பில் கேட்டுவந்த 'டப்' என்ற சத்தம்தான். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் பெட்டிக்குள் ரிலே என்ற பழைய தானியங்கி சுவிட்ச் ஒன்று இருந்தது. அது போட்ட சத்தம். தொண்ணூற்று நான்காம் ஆண்டு கோடையில் அதை ஒழிக்கும் பொறுப்பு தட்சிணாமூர்த்தியின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, அவரே போய் அதன் கீழே நின்றுகொண்டார் என்பது பொருத்தம்.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் அவர் மின் பாதுகாப்பு அதிகாரி. ஆண்டுதோறும் பாதுகாப்பு வாரத்தில் 'மின்சாரமும் மனிதனும்' என்று பேசுவார். தன் கையால் ஒரு வயரைச் சீவிப் பல காலம் ஆகியிருந்தது. அதிகாரியின் கை கையெழுத்துக்கென்றே படைக்கப்பட்டது அல்லவா?

குடியிருப்போர் சங்கத்தில் சாலிட் ஸ்டேட் ரிலேயின் பெருமைகளை எடுத்துரைத்தார். சத்தம் இல்லை, பொறி இல்லை, அசைகிற பாகமே இல்லை. தலைவர் ஏகநாதன் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர். ஆழ்ந்து யோசித்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஸ்டேட்டுங்கறீங்களே, இதுக்கு சென்ட்ரல்ல பர்மிஷன் வாங்கணுமா?"

வேண்டாம் என்றதும் தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிறு காலை திறப்பு விழா. கீழ்வீட்டு ஜமால், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர், தயங்கியபடி வந்தார். "சார், எம்பொண்ணு ஹஃபீசாவுக்கு இன்னிக்கு நிச்சயம். பல்லாவரத்துலேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துகினு இருக்காங்க. நாளைக்கு வச்சுக்கலாமே?"

அவர்கள் வருவதற்குள் தொட்டி நிரம்பிவிடும், சத்தம்கூடக் கேட்காது என்று தட்சிணாமூர்த்தி வாக்குக் கொடுத்தார்.

மெயினை அணைத்துவிட்டு, கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். ரிலேயின் ஒரு பக்கத்துச் சின்னத் திருகுகள் கட்டளை வாங்க. மறுபக்கத்துப் பெரிய திருகுகள் இரண்டும் மின்சாரத்துக்கு. ஃபேஸ் கம்பி ஒரு திருகில் நுழைந்து மறு திருகு வழியாக மோட்டாருக்குப் போக வேண்டும். நியூட்ரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. வாய் இதைப் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தபோதே, கை ஃபேஸை ஒரு திருகிலும் நியூட்ரலை மறு திருகிலும் இறுக்கியது. அவருடைய வாய்க்கும் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஃபோர்மேன் இருப்பார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மெயினைப் போட்டார். தொட்டி காலி என்று பெட்டி சொன்னது. ரிலே கீழ்ப்படிந்து, நடுவில் மோட்டார் இல்லாமலே இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்துவைத்தது.

ரிலே வாக்குத் தவறவில்லை. மோட்டார் சத்தம் கேட்கவில்லை. மின்விசிறி, மிக்ஸி, டிவி, எதன் சத்தமும் கேட்கவில்லை. தெருக் கம்பத்தில் வெடித்த ஃப்யூஸ் மட்டும் பழைய பழக்கத்தில் 'டப்' என்றது.

பல்லாவரத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தட்சிணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டி, மூலை அடிபம்பிலிருந்து ஜமால் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து, கை கழுவ ஊற்றச் சொன்னார். ஊற்றினார்.

"கரண்ட் இல்லியா?" என்று தகப்பனார் கேட்டார்.

"தெரு பூரா போயிடுச்சுங்க. அடிக்கடி இப்பிடித்தான்" என்றார் ஜமால், யாரையும் பார்க்காமல். தட்சிணாமூர்த்திக்கு ஷாக் அடித்தது அப்போதுதான்.

நிச்சயம் நல்லபடி நடந்தது. கம்பத்து ஃப்யூஸை மாற்றியதும் அன்று இரவே கரண்ட்டும் வந்துவிட்டது. மறுநாள் மாலைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, தவறு தன்னுடையது, கம்பியை மாற்றிக் கட்டியது தான்தான் என்றார்.

ஏகநாதன் நெகிழ்ந்துபோனார். "ஆபீசர் கையில தப்பு வருமா? இது உங்க பெருந்தன்மை. கரண்ட்லதான் ஏதோ கோளாறு."

தட்சிணாமூர்த்தி படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தையும் பாராட்டினார்கள். மின்சாரத்தைக் கண்டித்து ஒரு தீர்மானமும், கட்டடம் முழுவதன் வயரிங்கையும் அவரிடமே ஒப்படைத்து இன்னொரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறின. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மனிதருக்கு மனம் லேசாகிவிட்டது. தன்னிடம் ஏதோ திறமை இருக்கத்தான் வேண்டும் என்று மனைவி அஞ்சம்மாளிடம் சொல்லிப் பார்த்தார். அவள் பையை நீட்டி, ஜமால் கடையில் மெழுகுவர்த்தி வாங்கிவரச் சொன்னாள்.

கடை வாசலில் ஏகநாதன் எதிர்ப்பட்டார். துண்டுக்குள் எதையோ மறைத்தபடி வேகமாக நகர்ந்தார்.

"மெழுகுவர்த்தியா?" என்றார் ஜமால். "தீந்துபோச்சு சார். கை தட்டினவங்க அத்தனை பேரும் நேரா இங்கதான் வந்தாங்க."