சமையலறையில் மட்டும் அரை நொடி தாமதம்

“என்னங்க, கிச்சன்ல மட்டும் லேட்டா வருது!”

ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த என்ஜினீயரின் முகம் வாடியது. எதிரில் இருந்த திரையைப் பார்த்தார். ஹால், படுக்கையறை, மகளின் அறை, சமையலறை. நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் பாடுவதாகத் திரை சத்தியம் செய்தது.

“எவ்வளவு லேட்டு?” என்று கத்தினார்.

“அரை செகண்ட் இருக்கும்!”

திரை ஒன்று சொல்கிறது, மனைவி ஒன்று சொல்கிறாள். இந்த மாதிரிச் சமயங்களில் யார் சொல்வது சரி என்று பதினான்கு வருடக் குடித்தனம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. திரையை நம்புவதை விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை என்ஜினீயர் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். எல்லாவற்றிலும் பென்குயின் சின்னம் போட்ட லினக்ஸ் மென்பொருளைப் போட்டு உயிர் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றோடு குடும்பம் நடத்துவார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்கு ஒரு ‘ம்’ வரும். போன வாரம் கட்டிலுக்கடியில் பெருக்கப் போன மனைவி ஒரு மானிட்டரில் இடித்துக்கொண்டாள். நெற்றி வீங்கியது. அன்றே தீர்ப்பும் வந்தது.

“இதுங்களால வீட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் காட்டுங்க. இல்லேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் பழைய சாமான்காரர் வருவாரு. மொத்தத்தையும் ஏத்தி விட்டுடுவேன்.”

“வீடு முழுக்க ஒரே பாட்டு பாட வைக்கிறேன்,” என்று அவர் வாக்குக் கொடுத்தார். “எந்த ரூமுக்குப் போனாலும் ஒரு வார்த்தை விட்டுப்போகாது. வயரே வேணாம், வைஃபை போதும்.”

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டு.

எழுந்து சமையலறைக்குப் போனார். அலமாரி மேல் இருந்த கம்ப்யூட்டர் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஹாலுக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

“சரியாத்தானே இருக்கு?”

“நீங்க வந்து நின்னா ஒழுங்காப் பாடுது. அந்தப் பக்கம் போனதும் இழுக்குது. நம்ம பொண்ணு வீட்டுப்பாடம் எழுதுற மாதிரி. வந்ததுதான் வந்தீங்க, இந்த பாட்டில் மூடியைத் திறந்து குடுங்க.”

மூடி லேசில் மசியவில்லை.

“ஆமா, உங்க மேனேஜர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராமே? எனக்கு எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் தெரியணும்.”

மூடியோடு மல்லுக்கட்டியபடியே என்ஜினீயர் கதையை ஆரம்பித்தார். லிஃப்டுக்குள்ளிருந்து மேனேஜர் எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பிய இடம் வந்தபோது நடித்தே காட்டினார். மனைவி பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு டீ முடிந்த பிறகுதான் அவருக்கு மணி ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்த் திரை முன்னால் உட்கார்ந்தார். சமையலறையை முன்னால் இழுக்க வழியில்லை. வராத பாட்டை அது எப்படிப் பாடும்? ஆகவே மற்ற மூன்றையும் அரை நொடி பின்னால் தள்ளினார்.

“இப்ப?”

“இன்னும் மோசம்! முழுசா ஒரு செகண்டு!” என்றாள் மனைவி.

“அப்பா, கிச்சன்லதான் முதல்ல பாடுது!” என்றாள் மகள் அவளுடைய அறையிலிருந்து.

“நீ உன் ரூம்ல நில்லு. அம்மா காதை விட உன் காது பெருசா?”

படுக்கையறையிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். “மாப்ள, ஒவ்வொரு வரியும் எனக்கு ரெண்டு தடவை கேக்குது. எனக்கு வயசாச்சுன்னு பாட்டே முடிவு பண்ணிடுச்சா?”

என்ஜினீயர் மற்ற மூன்றையும் இன்னும் ஒரு நொடி தள்ளிவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். அங்கே மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது.

“அதை நிறுத்தும்மா, கேக்கணும்!”

“அரைச்சு முடிச்சிடுறேன். அதுக்குள்ள பரண்ல இருக்கிற பெரிய பாத்திரத்தை எடுங்க.”

அவர் ஸ்டூலில் ஏற, அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரத்தோடு குனிந்தபோது அவள் நெற்றி கண்ணில் பட்டது. வீக்கம் வடிந்து நீலம் பாரித்திருந்தது.

“இவ்வளவு பெருசாவா பட்டுச்சு? வலிக்குதா?”

“போன வாரம் வலிச்சது. இன்னிக்குக் கேக்குறீங்க. பாட்டு ஒரு செகண்ட் லேட்டு, நீங்க ஒரு வாரம் லேட்டு.”

என்ஜினீயர் இறங்கி, தைலத்தைத் தேடி எடுத்துத் தடவிவிட்டார். கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் தடவினார். மிக்ஸி எப்போதோ நின்றிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“அப்பா, மணி நாலு!” என்று மகள் கத்தினாள்.

இனி ஒரே வழி. சமையலறைக் கம்ப்யூட்டரையும் படுக்கையறைக் கம்ப்யூட்டரையும் இடம் மாற்றினார். மாற்றும்போது வயர் இழுத்து உப்பு டப்பா தரையில் கவிழ்ந்தது. மனைவியும் அவரும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு கூட்டி அள்ளினார்கள். அள்ளி முடித்ததும் தீர்ப்பு வந்தது: “கிச்சன்ல இப்பவும் லேட்டுதான்.”

“அது பென்குயின் படம் போட்ட பெட்டிதானே மாப்ள?” என்றார் மாமனார். “பனியில வாழுற பறவை. அடுப்பு சூடு அதுக்கு ஒத்துக்கல.”

வைஃபை மேல் சந்தேகம் வந்தது. ஹாலிலிருந்து சமையலறைக்கு நீளமான கேபிளை இழுத்துக் கட்டினார். பாத்ரூம் போக மாமனார் அதை ஒவ்வொரு முறையும் தாண்ட வேண்டியிருந்தது. “இந்த வயசுல ஹை ஜம்ப்!” என்று மூன்றாவது தடவை அவரே கைதட்டிக்கொண்டார். பாட்டோ துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகிவிட்டது. ஓர் அறையில் முடிந்த வரி அடுத்த அறையில் தொடங்கியது. மகள் நடுவில் நின்று ஆடினாள்.

“கைக்கு ஹால் பாட்டு, காலுக்குத் தாத்தா ரூம் பாட்டு!”

மணி நாலு ஐம்பத்தைந்து. என்ஜினீயர் தோற்றுவிட்டார். ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதைப் போல, கேபிளைச் சுருட்டினார், பெட்டிகளைப் பழைய இடத்தில் வைத்தார், அன்று செய்த மாற்றங்களை எல்லாம் ஒன்று விடாமல் அழித்தார். போகிறவை கடைசியாக ஒருமுறை பாடட்டும் என்று பாட்டைத் தட்டிவிட்டார்.

வாசலில் மணி அடித்தது.

அடித்த கையோடு சமையலறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க! சரியாயிடுச்சு! ஒரு வார்த்தைகூடப் பிசகல!”

“என்னது?”

“நிஜமாத்தான்! வந்து கேளுங்க!”

என்ஜினீயர் துள்ளி எழுந்தார். அறை அறையாக ஓடினார். வீடே ஒரே குரலில் பாடியது. எதைச் சரிசெய்தோம் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, பெட்டிகள் பிழைத்தன! செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். பழைய சாமான்காரர் அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்க ஐயா, உங்களை வீணா அலைய வெச்சிட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு, குடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.”

பழைய சாமான்காரர் சிரித்தார்.

“தெரியுமே சார். ‘பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுது, அதைச் சொல்லிட்டா மனுஷன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு, அதனால அஞ்சு மணிக்கு வந்து மணியை மட்டும் அடிச்சிட்டுப் போங்க’ன்னு அம்மா மத்தியானமே போன்ல சொல்லிட்டாங்களே!”