போணி நேரத்தில் கேட்ட சீனா

என் மனைவிக்குச் சீன மொழி கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தவன் நானேதான். அதுதான் இதில் பெரிய கொடுமை. எனக்குக் கோபம் வந்தால் கத்துவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். இந்த விஷயத்தில் அந்த ஆளும் நானாகவே இருக்கிறேன்.

அம்பத்தூரில் தையல் மிஷின் மோட்டார் கடை வைத்திருக்கிறேன். எட்டாங்கிளாஸ் பெயில். பாரிமுனையில் மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, திட்டக் கற்று, கடைக்காரன் ஆனவன். சரக்கு சீனாவிலிருந்து வருகிறது. அனுப்புகிறவள் லின் என்று ஓர் அம்மாள். வீடியோவில் நான் பாதி விலை கேட்பேன். அவள் பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்லுவாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தூக்கம் போயிற்று. என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? அடக்க விலையைப் பற்றியா, என் மூக்கைப் பற்றியா?

கண்டுபிடிக்க வனஜாவை இறக்கினேன். அவள் ஆவடி சேக்காட்டுப் பெண். அப்பா டாங்க் பேக்டரியில் இருந்தவர். டிகிரி படித்தவள். ஒட்டுக் கேட்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டால் போதும் என்று ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டேன். இரண்டு வருஷம் படித்தாள். மாவு பிசையும்போதெல்லாம் வாய்க்குள் ராகம் மேலும் கீழும் ஏறி இறங்கும். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் வீடியோவில் மோட்டார் எண்ணிக்கையை வனஜா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று லின் எதிரிலேயே கத்தினேன். தப்பு என்னுடையது. அது பிறகுதான் தெரிந்தது. லின் மெதுவாக ஏதோ கேட்டாள். வனஜா ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். சரக்கு திங்கட்கிழமை கப்பல் ஏறுகிறதாம் என்றாள். சரக்கு கப்பல் ஏறினால் யாராவது கண் கலங்குவார்களா? எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் குண்டைப் போட்டாள். சீனாவுக்கே போய்ப் படிக்கப் போகிறாளாம். ஹாங்சோ என்ற ஊரில் பல்கலைக்கழகம். மொழி, தூரிகையால் எழுதுவது, தேநீர் போடும் முறை, அவர்கள் பண்டிகை பழக்கவழக்கம் எல்லாம் சொல்லித் தருவார்களாம். லின் வழி காட்டினாளாம். இடமும் கிடைத்துவிட்டதாம்.

நான் குதித்த குதியில் திருவேற்காட்டில் எங்கள் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். நாற்பத்தைந்து வயசில் புத்தகப் பையா? டீ போடக் கற்றுக்கொள்ள ஏரோப்ளேனா? மூன்று நாள் கத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பில் நான்காம் நாள் கடையைத் திறந்தேன்.

ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி சுற்றி நிமிர்ந்தால், கல்லாவுக்கு வெளியே, வாடிக்கைக்காரர் நிற்கும் பக்கத்தில் வனஜா.

போணி நேரம். அன்றைக்கு முதலில் வந்து நிற்கிறவரை 'இல்லை' என்று சொல்லி அனுப்பினால் பொழுது முழுக்க வியாபாரம் படுத்துவிடும். இருபத்தெட்டு வருஷமாக நான் அப்படி அனுப்பியதில்லை. துருப்பிடித்த ஸ்குரூ ஒன்று கேட்டாலும் மூட்டையைக் கொட்டித் தேடிக் கொடுப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

"இன்னா வேணும்?" என்றேன்.

"ரெண்டு வருஷம்."

"வேற எதுனா கேளு."

"வேற எதுவும் வேணாங்க."

பக்கத்துக் கடையில் நூல்கண்டு விற்கும் வீராசாமி டீ கிளாஸோடு வந்து நின்றார். "போணி மாமே. வாய்ல 'இல்ல'ன்னு வந்துடப் போவுது, பாத்து."

இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் குறைக்கலாமே. எனக்கு உயிர் வந்தது.

"பாஞ்சு நாள்."

"பதினஞ்சு நாள்ல சீனா டீத்தண்ணி கொதிக்கவே கொதிக்காது. ஒன்றரை வருஷம்."

"ஒரு மாசம். ஊட்ல யாரு ஆக்கறது?"

"நீங்கதான். ஒரு வருஷம்."

"மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்டே, நேரா போய் செம்பரம்பாக்கம் ஏரியில குதிப்பேன்."

"குதிக்காதீங்க, அது ஊரே குடிக்கிற தண்ணி. பத்து மாசம்."

என் ரத்தம் சூடேறிவிட்டது. இப்படிச் சரசரவென்று இறங்கும் ஆளை நான் சந்தையில் பார்த்ததே இல்லை. இந்த வேகத்திலேயே முடித்துவிட வேண்டும். "ஆறு. அவ்ளோதான். கடைசி."

வனஜா தரையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். முந்தானையைத் திருகினாள். "சரி, உங்களுக்காக," என்றாள்.

வீராசாமி எனக்குக் கை கொடுத்தார். அன்றைக்குக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன், இரண்டு வருஷத்தை ஆறு மாசத்துக்கு அடித்து முடித்த கதையை.

பிப்ரவரி கடைசியில் போய்விட்டாள். மகள் ரோஷினி கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வீட்டில் நானும் என் குரலும்தான். உப்பு எங்கே என்று கத்தினேன். பதில் இல்லை. உப்பு இருக்குமிடம் இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. தேடும்போது அவள் எழுதிப் பழகிய நோட்டும் கிடைத்தது. சீன எழுத்து, அதன் கீழே தமிழில் அர்த்தம். மழை பெய்கிறது. கடை எங்கே இருக்கிறது. அப்புறம் ஒரே வாக்கியம், நாலு பக்கத்துக்கு: தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள்.

பாடத்தில் வந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூன் மாசம் ஒரு போட்டோ அனுப்பினாள். கையில் சிவப்பு அட்டை போட்ட சர்ட்டிபிகேட், பக்கத்தில் லின், இருவர் முகத்திலும் சிரிப்பு. பெருமையில் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். பத்து நிமிஷத்தில் வீராசாமி கடைக்கு வந்தார்.

"படிப்பு முடிஞ்சி சர்ட்டிபிகேட்டே வாங்கிட்டாங்களே மாமே. மிச்சம் ரெண்டு மாசம் அங்க இன்னாத்துக்கு?"

நான் போனை எடுத்தேன்.

"அந்தப் படிப்பு எத்தினி மாசம், வனஜா?"

"நாலு."

"மொதல்லருந்தே நாலுதானா?"

"ஆமாங்க."

"அப்ப எதுக்கு ரெண்டு வருஷம் கேட்டே?"

அவள் அவசரமில்லாமல் சொன்னாள். சேக்காட்டில் அம்மாவைப் பார்க்க இரண்டு நாள் வேண்டுமென்றால் நாலு நாள் கேட்பாளாம். நான் எப்போதும் பாதியாக்குவேனாம். இது பெரிய விஷயம், அதனால் பெரிதாகக் கேட்டாளாம். "நாலுல வந்து நிப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க ஆறுலயே நின்னுட்டீங்க. தானா வந்த ரெண்டு மாசம், திருப்பிக் குடுக்க மனசு வரலைங்க. லின் வீட்டுல இருக்கேன். இங்க ஏரியில தாமரை பூக்கற நேரம்."

அவள் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. படுக்கையில் இருந்தபோது வனஜா என்னிடம் கேட்டது ஆறு நாள். நான் கொடுத்தது மூன்று.

"ஒரு மாசம் மட்டும் கொறைச்சிக்கோயேன்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் திரும்பிச் சீனத்தில் யாரிடமோ சொன்னாள். பதிலுக்குச் சிரிப்பு. லின் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

"அவகிட்ட இன்னா சொன்னே?"

"ஒரு மாசம் குறைக்கச் சொல்றார்னு சொன்னேன்."

"அதுக்கு அவ இன்னா சொல்றா?"

"நாலு மாசம் கூடக் கேட்டுப் பாரு, ரெண்டு குடுப்பாருங்கறா."

இருப்பதே இருக்கட்டும் என்று அவசரமாகச் சொல்லி போனை வைத்தேன்.