உள்ளே எட்டரை அடி

அன்பு மகளுக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? இல்லையென்றால் இதை அப்படியே வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

படிக்க வந்துவிட்டது, இனி எழுதிப் பழகினால் போதும் என்று முதியோர் மாலை வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகும். அவசரம் ஒன்றுமில்லை. நீ வர வேண்டாம்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பின்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக் குடியேறிவிட்டேன். அம்மா போன பிறகு பெரிய வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் நான்கு அறைக்கும் கேட்கிறது. சின்ன வீட்டில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நான். வேறு ஆளுக்கு இடமே இல்லை, அதனால் வேறு ஆள் இல்லாததும் தெரியவில்லை. அப்போதுதான் நகராட்சியிலிருந்து தபால் வந்தது. நானே பிரித்துப் படித்த முதல் தபால். எழுத்துக் கூட்டி ஒன்றரை நாளில் முடித்தேன். அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் தடவை படித்தபோதுதான் வீட்டை இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

மறுநாள் கட்டட ஆய்வாளர் டேப்போடு வந்தார்.

"பெரியவரே, அறை நூறு சதுர அடி இருக்கணும்."

"பத்துக்குப் பத்துதானே தம்பி?"

"அது வெளிய. உள்ள எட்டரைதான் வருது. நீங்க கொத்தனார்னு சொன்னாங்களே?"

கொத்தனார்தான். நாற்பது வருஷம் கொத்து வேலை. வெளியே நின்றே அளந்து பழக்கம். கூலிக்குக் கட்டின எந்த வீட்டுக்குள்ளும் நான் இருந்ததில்லை.

ஒரு சுவரை இடித்து மூன்றரை அடி தள்ளிக் கட்டினேன். வந்து பார்த்தவர், மதிலுக்கு ஐந்தடி விட வேண்டும், இப்போது மூன்றடிதான் இருக்கிறது என்றார். அதை இடித்துப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டு எதிர்ச்சுவரைத் தள்ளினேன். மறுபடி வந்தவர் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துவிட்டார்.

"அடுப்பு இருந்தா இது ரெண்டாவது வீடு. அனுமதி கிடையாது. எடுத்துட்டா சாமான் அறை. ஆனா சாமான் அறையில ஆள் தூங்கக் கூடாது."

"அப்ப என்னையும் சாமான்ல சேர்த்து எழுதிக்கங்க தம்பி."

சிரித்தார். மாதக் கடைசி வரை நேரம் தந்திருக்கிறார். அதற்குள் இது வீடா, அறையா என்று நான் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடித்துவிடுவார்கள். இடித்தால் பெரிய வீடு இருக்கவே இருக்கிறது. நீ வர வேண்டாம். லீவு கேட்டு மேலதிகாரியிடம் நிற்காதே. உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. எழுத வருகிறது என்று காட்டத்தான். நீ வர வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசி. எல்லோரும் ஒரே வீட்டில் நிறைந்து இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: ஆய்வாளர் விதிப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நாற்பத்தோராம் பக்கம் வரை படித்துவிட்டேன். பெரிய வீட்டில் நெருங்கிய உறவு குடியிருந்தால் பின்பக்கம் அடுப்போடு சின்ன வீடு வைத்துக்கொள்ளலாமாம். படிவத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆளை நேரில் பார்க்க வருகிறார். உன் அறைக் கதவுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். மேலே மூன்று இடத்தில் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். பேனாவால் எழுதியதால் அழிக்க முடியவில்லை. அந்த மூன்றையும் விட்டுவிட்டுப் படி.